வெளியே விட்டால் ஓடத்தானே செய்கிறார்கள்?

ஒரு வாசகரின் கேள்வி, ஜூன் 9

மழலையர் பள்ளி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. குழந்தைகளுக்கு மூன்றிலிருந்து ஐந்து வயது. வாரத்தில் மூன்று நாள் வெளியே அழைத்துச் செல்ல வேண்டும், அவர்களாகவே கேள்வி கேட்டு, அவர்களாகவே தேடிக் கண்டுபிடிக்க விட வேண்டும் என்று பயிற்சியில் சொன்னார்கள். ஆறு வாரம் விட்டுப் பார்த்துவிட்டேன். ஓடுகிறார்கள். மண்ணை அள்ளி வீசுகிறார்கள். குச்சிக்காக அடித்துக்கொள்கிறார்கள். இதுவரை ஒரு குழந்தைகூட "ஏன்" என்று கேட்கவில்லை. இந்த வயதில் "ஆராய்ந்து கற்றல்" என்பது பெரியவர்கள் தங்கள் திருப்திக்காகக் கட்டிய கதையா?

ஜூன் 9, மாலை

பாதி கதைதான். மீதிப் பாதிக்காகத்தான் பதினான்கு ஆண்டுகளாக இதே வேலையில் இருக்கிறேன்.

முதலில் கணக்கைச் சரிசெய்துகொள்வோம். வாரம் மூன்று நாள் வீதம் ஆறு வாரம் என்றால் பதினெட்டு நாள். அந்தப் பதினெட்டு நாளும் ஒரே இடத்துக்கா போனீர்கள், ஒவ்வொரு முறையும் புது இடமா? புது இடம் என்றால் ஓடத்தான் செய்வார்கள். அதன் எல்லை எங்கே, ஒளிய எங்கே இடம், ஆசிரியை எவ்வளவு தூரம் வரை கத்தாமல் இருப்பார் என்பதையெல்லாம் காலால் அளந்து முடிக்கும் வரை வேறு எதுவும் அவர்கள் கண்ணில் படாது. என் குழந்தைகளுக்கு அந்த அளவெடுப்புக்கே இரண்டு வாரம் ஆகும். மூன்றாவது வாரம்தான் யாராவது ஒருவர் குனிவார். குனிந்த பிறகு பேசுவோம்.

ஜூன் 10

"எல்லாம் ஒரே இடம்தான், வேலி போட்ட முற்றம்" என்கிறார். சரி, என் முதல் ஊகம் தவறு.

இன்னொருவர் "ஆராய்ந்து கற்றல்" என்பதைத் தமிழில் "விசாரணைவழிக் கற்றல்" என்று எழுத வேண்டும் என்கிறார். அந்தச் சொல்லைக் கேட்டாலே காவல் நிலையத்து மேசை நினைவுக்கு வருகிறது. "உசாவல்" என்ற நல்ல சொல் இருக்கிறது, ஆனால் சொன்னவுடன் அதற்கு விளக்கமும் சொல்ல வேண்டியிருக்கிறது. என்னைக் கேட்டால் இந்த வயதுக்குப் பொருத்தமான சொல் ஏற்கனவே நம் வீடுகளில் புழங்குகிறது: நோண்டுதல். நாம் அதை "நோண்டாதே" என்ற எதிர்மறை வடிவில் மட்டுமே பயன்படுத்துகிறோம், அவ்வளவுதான். நோண்டிக் கற்றல் என்று பாடத்திட்டத்தில் எழுதினால் எந்த அதிகாரியும் கையெழுத்திட மாட்டார். ஆனால் நடப்பது அதுதான்.

ஜூன் 12

"ஒரு குழந்தைகூட ஏன் என்று கேட்கவில்லை" என்பது மனதிலேயே நின்றுவிட்டது. என் கதை ஒன்றைச் சொல்கிறேன்.

மழை விட்ட ஒரு காலை. சிமெண்ட் தரையில் ஒரு பெரிய குட்டை. அதன் விளிம்பைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டோம். மணிக்கொரு முறை வந்து புதுக் கோடு. பதினொரு மணிக்குக் கோட்டுக்குள் கோடாக மூன்று வளையங்கள் இருந்தன, தண்ணீர் நடுவில் ஒரு தோசைக்கல் அளவுக்குச் சுருங்கியிருந்தது. தண்ணீர் எங்கே? தரை குடித்துவிட்டது என்றான் ஒருவன். நாய் வந்து குடித்திருக்கும் என்றாள் ஒருத்தி. சூரியன் எடுத்துக்கொண்டது என்றாள் இன்னொருத்தி.

நான் அங்கேயே வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். மூன்று கருத்து, மூன்றையும் சோதித்துப் பார்க்க வழி இருந்தது. நாய் வராதபடி சுற்றிலும் நாற்காலி போடலாம். தரைக்குப் பதில் எவர்சில்வர் தட்டில் தண்ணீர் ஊற்றி வைக்கலாம், தட்டு எதையும் குடிக்காது. ஒரு தட்டு வெயிலில், ஒரு தட்டு நிழலில், ஒரு தட்டுக்கு மூடி. ஒரு வாரத்துக்கான வேலை அந்தத் தரையில் கிடந்தது. நானோ புத்திசாலித்தனமாக, "இல்லை கண்ணுகளா, தண்ணீர் ஆவியாகிவிட்டது" என்று சொல்லிவிட்டேன்.

ஒரு நொடி அமைதி. பிறகு அந்த நாய்க்காரி கேட்டாள்: "தண்ணீர் செத்துப்போய்விட்டதா?"

அன்று மாலை இரண்டு பெற்றோர் என்னிடம் வந்து, பள்ளி முற்றத்தில் ஆவி நடமாடுவதாகக் குழந்தை சொல்கிறதே என்றார்கள். அடுத்த இரண்டு நாள் ஒரு குழந்தை அந்தச் சாக்பீஸ் வளையத்தை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனது.

சரியான சொல்தான். ஆனால் அந்தச் சொல் வந்தவுடன் நாயும் தரையும் சூரியனும் ஓடிப்போய்விட்டன. அதற்குப் பிறகு யாரும் குட்டையைப் பார்க்கவே வரவில்லை.

ஜூன் 12, இரவு

மேலே எழுதியதற்கு ஆதாரம் உண்டா என்று கேட்கிறார்கள். உண்டு. எலிசபெத் போனவிட்ஸும் உடன் ஆய்வாளர்களும் 2011இல் வெளியிட்ட ஆய்வு. மழலையர் வயதுக் குழந்தைகள், புதிதாகச் செய்த ஒரு விளையாட்டுப் பொருள். அதற்குள் பல வேலைகள் ஒளிந்திருக்கும்: ஒன்றை இழுத்தால் கீச்சென்று சத்தம் வரும், ஒன்று வெளிச்சம் தரும், ஒன்று இசைக்கும், இன்னொன்றில் கண்ணாடி. சிலரிடம், "இது இப்படித்தான் வேலை செய்யும், பார்" என்று கீச்சொலியை மட்டும் பாடம்போலச் செய்து காட்டினார்கள். சிலரிடம் தற்செயலாகக் கைபட்டதுபோல் காட்டினார்கள். பாடம் கேட்டவர்கள் கீச்சொலியையே திரும்பத் திரும்பச் செய்தார்கள், மற்ற வேலைகளைத் தேடியது குறைவு. ஆசிரியர் ஒன்றைச் சொன்னால் சொல்ல வேண்டியது அவ்வளவுதான் என்று அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். நம்மை நம்புவதால் வருகிற வினை.

ஜூன் 13

இரவில் எழுதியதைக் காலையில் படித்தால் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. அந்த ஆய்வு ஒரு பொம்மையை வைத்துச் சில நிமிடங்கள் பார்த்தது. மழையில் நனைந்த முற்றத்தில் பதினெட்டுக் குழந்தைகளோடு ஒரு காலை முழுவதும் இருப்பது வேறு. என் ஆவிக் கதைக்கு ஆதாரம் என்று சொல்லியிருக்கக் கூடாது. துணைக்கு நிற்கும் என்று மட்டும் சொல்லலாம்.

ஜூன் 15

எதிர்பார்த்த கேள்வி வந்துவிட்டது: "வழிகாட்டல் இல்லாமல் விட்டால் குழந்தைகள் கற்பதில்லை என்று ஆய்வுகள் சொல்கின்றனவே?" சொல்கின்றன. கல்வி உளவியல் ஆய்வாளர்கள் கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் மூவரும் 2006இல் எழுதிய கட்டுரையை வைத்து இன்று வரை சண்டை நடக்கிறது. ஆல்ஃபியெரியும் உடன் ஆய்வாளர்களும் 2011இல் 164 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். எந்தத் துணையும் இன்றி நீயே கண்டுபிடி என்று விட்டதைவிட நேரடியாகச் சொல்லிக்கொடுத்ததே மேலாக இருந்தது. ஆனால் துணையோடு கூடிய தேடல் மற்ற முறைகளை முந்தியது. ஆகவே "விட்டுவிடு, பூ தானாகப் பூக்கும்" என்று சொல்கிற கூட்டத்தில் நான் இல்லை.

சொல்லியே ஆக வேண்டியவை சில இருக்கின்றன. மரவட்டையும் பூரானும் எங்கள் விறகுக் குவியலடியில் ஒன்றாகவே குடியிருக்கின்றன. மரவட்டைக்கு உடலின் பெரும்பாலான வளையங்களில் இரண்டு இணைக் கால்கள், பூரானுக்கு வளையத்துக்கு ஓர் இணை. தொட்டால் மரவட்டை சுருண்டுகொள்ளும், பூரான் வேகமாக ஓடும். இதையெல்லாம் குழந்தைகள் பார்த்துப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம், மகிழ்ச்சி. பூரான் கடிக்கும் என்பதை மட்டும் யாரும் கண்டுபிடித்துக் கற்க வேண்டாம். அதை நானே உரக்கச் சொல்கிறேன், முதல் நாளே, கட்டையைப் புரட்டுவதற்கு முன்பே. குச்சியும் அப்படித்தான். கையில் குச்சி இருந்தால் ஓடக் கூடாது. உன்னைவிட நீளமான குச்சி என்றால் ஒரு முனை தரையில் இழுபட வேண்டும். இதில் உசாவலுக்கு இடமில்லை.

(மரவட்டையைப் பிடித்த கையால் கண்ணைத் தேய்க்கக் கூடாது, சிலவற்றின் சுரப்பு எரியும். கை கழுவத் தண்ணீர் வெளியிலேயே இருக்கட்டும்.)

ஜூன் 18

கேள்வி கேட்டவர் தன் முற்றத்தில் நடந்த ஓர் உரையாடலை எழுதி அனுப்பியிருக்கிறார். அவர் அனுமதியோடு சுருக்கிச் சொல்கிறேன். குழந்தை நத்தையைக் காட்டுகிறது. ஆசிரியை: "இது என்ன? இது என்ன நிறம்? இதற்கு எத்தனை கொம்பு? இது வேகமாகப் போகுமா, மெதுவாகப் போகுமா?" குழந்தை: "மெதுவாக." ஆசிரியை: "நல்ல பிள்ளை!" குழந்தை ஓடிவிட்டது.

திட்டவில்லை. நானும் இதையே செய்தேன், பல ஆண்டுகள். ஒருநாள் என் குரலை இருபது நிமிடம் பதிவுசெய்து கேட்டபோது வெட்கமாகிவிட்டது. கேள்வி முழுவதும் நான்தான் கேட்டிருந்தேன், எனக்கு விடை தெரிந்த கேள்விகளாகப் பார்த்து. குழந்தை வாயைத் திறப்பதற்குள் அடுத்தது. அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் அறிவியல் வகுப்புகளைக் கவனித்து இதை அளந்திருக்கிறார்: கேள்வி கேட்ட ஆசிரியர் பதிலுக்குக் காத்திருந்தது சராசரியாக ஒரு நொடி. அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாதவர்கள் பேசினார்கள், மாணவர்கள் கேட்கும் கேள்விகளும் கூடின. மூன்று நொடி! செய்து பாருங்கள், மூன்று யுகம்போல இருக்கும். நான் நாக்கைப் பல்லால் கடித்துக்கொண்டு நிற்பேன், உவமையாகச் சொல்லவில்லை.

இன்னொரு கணக்கு இதைவிட வலிக்கும். பார்பரா டிசார்ட், மார்ட்டின் ஹியூஸ் இருவரும் இங்கிலாந்தில் நான்கு வயதுச் சிறுமிகள் 30 பேரின் பேச்சை வீட்டிலும் மழலையர் பள்ளியிலும் பதிவுசெய்து 1984இல் வெளியிட்டார்கள். வீட்டில் தாயிடம் மணிக்குச் சராசரியாக 26 கேள்வி. பள்ளியில் ஆசிரியரிடம் 2. அதே குழந்தைகள்தான்.

ஆகவே உங்கள் குழந்தைகள் "ஏன்" என்று கேட்கவில்லை என்றால் அவர்களிடம் "ஏன்" இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். வீட்டில் விசாரித்துப் பாருங்கள். அம்மாக்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

நத்தை வந்தால் நான் இப்போது என்ன செய்கிறேன்? பக்கத்தில் உட்கார்கிறேன். "அட" என்கிறேன். பெரும்பாலும் அது போதும். ரொம்பவும் வாய் துறுதுறுத்தால், "இது எங்கிருந்து வந்திருக்கும்?" என்பேன். அந்தக் கேள்விக்கு நத்தையே விடையை எழுதி வைத்திருக்கிறது, பளபளக்கிற கோடாக. "ஏன்" என்று நான் தொடங்குவதில்லை. நாலு வயதுக்காரரிடம் "ஏன்" என்று கேட்டால் ஏதோ தப்புச் செய்துவிட்டதாக நினைத்து முகம் சுருங்கிவிடுகிறது.

ஜூன் 19

ஒரு திருத்தம். எங்கள் முற்றத்தில் அதிகம் கேட்கப்படும் கேள்வி எது என்று நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்: "எப்போது வீட்டுக்குப் போவோம்?" இரண்டாம் இடம்: "அவன் மட்டும் ஏன்?"

ஜூன் 23

நான் ஒன்பது ஆண்டுகள் தவறாகச் சொல்லிக்கொடுத்த ஒன்றை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

மழை பெய்தால் மண்புழு ஏன் வெளியே வருகிறது? "மண்ணுக்குள் தண்ணீர் நிறைந்து மூச்சு முட்டுகிறது, அதனால்" என்று சொல்லி வந்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள், நானும். போன பருவத்தில் ஒரு ஐந்து வயதுக்காரி மறுநாள் காலை என்னைக் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டினாள்: பழைய வாளியில் தேங்கிய தண்ணீருக்கடியில் ஒரு மண்புழு, ஜம்மென்று நெளிந்துகொண்டு. "மூச்சு முட்டவில்லையே?" என்றாள்.

முட்டவில்லை. தேடிப் படித்தேன். மண்புழுவுக்கு நுரையீரல் கிடையாது, ஈரமான தோல் வழியே மூச்சு விடுகிறது. ஆக்சிஜன் கரைந்த தண்ணீரில் பல இனங்கள் நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். பிறகு ஏன் வருகின்றன? தரை நனைந்திருக்கும்போது தோல் உலர்ந்துவிடும் பயமின்றிச் சுலபமாகத் தூரம் போகலாம் என்பது ஒரு விளக்கம். மழைத்துளி விழும் அதிர்வு என்பது இன்னொன்று. இனத்துக்கு இனம் காரணம் மாறலாம். ஆய்வாளர்களிடையே ஒரே முடிவு இல்லை. அவளிடம் இதைச் சொன்னேன், "பெரியவர்களும் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்" என்று. அவள் முகத்தில் தெரிந்ததைப் பெருமை என்று எழுதலாமா என்று யோசிக்கிறேன். நிம்மதி என்பதுதான் பொருந்தும்.

ஜூன் 24

"நசுக்கிப் பார்ப்பதும் ஆராய்ச்சியா?" என்று ஒருவர் கேட்கிறார். கிண்டல் இருந்தாலும் கேள்வி சரியானது.

எறும்பை மிதிக்காத குழந்தையை நான் பார்த்ததில்லை. மிதித்துவிட்டுக் காலைத் தூக்கிப் பார்ப்பார்கள், அந்தப் பார்வையில் கொடூரம் இல்லை, "இப்போது என்ன ஆகும்" என்பதுதான் இருக்கிறது. அதற்காக அனுமதிப்பதும் இல்லை. எங்கள் விதி ஒன்றே: பார்த்து முடித்த பிறகும் அது தன் வழியில் போக வேண்டும். எடுத்தால் எடுத்த இடத்திலேயே விட வேண்டும்.

விதியோடு மாற்று வழியும் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் நான் இல்லாத இடத்தில் மிதிப்பார்கள். எறும்பு வரிசையைக் குறுக்கே விரலால் அழுத்தித் தேய்த்துவிடச் சொல்வேன், எறும்பின் மேல் படாமல். வந்த எறும்புகள் அந்த இடத்தில் திகைத்து நிற்கும், முன்னும் பின்னும் அலையும், கொஞ்ச நேரம் கழித்து ஒன்று தாண்டும், பிறகு மற்றவை. முன்னே போனவை தரையில் விட்டுச்சென்ற வாசனைத் தடத்தை விரல் அழித்துவிட்டது என்பது எனக்குத் தெரியும். குழந்தைகளுக்கு முதலில் தெரிவது: அங்கே கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று இருந்திருக்கிறது. கோடு எங்கே இருந்தது என்று தரையில் மூக்கை வைத்து முகர்ந்து பார்த்தவன் ஒருவன் உண்டு. நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. (கடிக்கும் இனமா என்று முதலில் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். மூக்கு விஷயம்.)

ஜூலை 1

வெளியே போகும்போது என்னென்ன எடுத்துச் செல்வது என்று பட்டியல் கேட்கிறார்கள். பட்டியல் பெரிதாகப் பெரிதாகக் குழந்தைகள் பைக்குள்தான் தலையை விடுகிறார்கள். இப்போது என் பையில் சாக்பீஸ், நூல் உருண்டை, இரண்டு பழைய கரண்டி, மூடி உள்ள ஒரு கண்ணாடி போன்ற டப்பா, மருந்துப் பெட்டி. மற்றதெல்லாம் அங்கேயே கிடக்கட்டும்: பலகைத் துண்டு, குழாய், வாளி, செங்கல். நகர்த்தவும் அடுக்கவும் கலைக்கவும் முடிகிற பொருள் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுக்குக் கண்டுபிடிப்பு கூடும் என்று சைமன் நிக்கல்சன் 1971லேயே எழுதிவிட்டார். பெரும் செலவில் நட்டுவைக்கும் சறுக்குமரத்தை நகர்த்த முடியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பூதக்கண்ணாடி வாங்காதீர்கள் என்று முன்பு எங்கோ எழுதியிருந்தேன். திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், பாதி. மூன்று வயதுக்காரர் அதைக் கண்ணில் ஒட்டிக்கொண்டு நடந்து சுவரில் மோதுவார். முதல் பத்து நாள் அவர்கள் பார்ப்பது பூச்சியை அல்ல, கண்ணாடியை. அது முடியட்டும். பிறகும் சரியான தூரத்தில் பிடிக்கக் கை வராது. டப்பாவின் மூடியிலேயே லென்ஸ் பதித்தது கிடைத்தால் அது நல்லது.

செல்பேசியை மட்டும் வெளியே எடுப்பதைக் குறைத்துவிட்டேன். பதிவுசெய்வது முக்கியம் என்று நம்பி ஓராண்டு முழுக்கப் படமாக எடுத்துத் தள்ளினேன். கடைசியில் என் குழந்தைகள் மண்புழுவைக் கையில் எடுத்தவுடன் என்னைப் பார்த்துச் சிரிக்கக் கற்றிருந்தார்கள். மண்புழுவைப் பார்க்கவில்லை.

ஜூலை 2

பேச்சு எங்கெங்கோ போகிறது. வெளியே இருந்தால் கிட்டப்பார்வை குறையுமா என்று ஒருவர் கேட்கிறார். ஆம், சீனாவின் குவாங்சோவில் 12 பள்ளிகளில் ஆறு, ஏழு வயதுக் குழந்தைகளை வைத்து நடந்த சோதனையில் தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெளியே இருந்தவர்களில் மூன்று ஆண்டுகளில் கிட்டப்பார்வை புதிதாக வந்தது 30.4 சதவீதம், மற்றவர்களில் 39.5. 2015இல் வெளியானது. நல்ல செய்தி. ஆனால் வெளியே போவதை மருந்துச் சீட்டுபோல விற்கத் தொடங்கினால் நாற்பதாவது நிமிடம் மணி அடித்து உள்ளே கூட்டி வந்துவிடுவார்கள்.

இன்னொருவர் இதெல்லாம் புது மோகம் என்கிறார். ஜெர்மனியில் ஃபிரெட்ரிக் ஃபுரோபல் என்ற கல்வியாளர் 1840இல் தன் பள்ளிக்குக் கிண்டர்கார்ட்டன் என்று பெயர் வைத்தார், குழந்தைகளின் தோட்டம். பெயரில் மட்டும் தோட்டம் இல்லை, குழந்தைகள் ஒவ்வொருவருக்கும் சிறு பாத்தி, எல்லோருக்கும் பொதுவாகப் பெரிய பாத்திகள் என்று திட்டம் வரைந்தார். 1851இல் பிரஷ்ய அரசு கிண்டர்கார்ட்டன்களையே தடைசெய்தது, 1860 வரை. இன்று உலகம் முழுக்க அந்தப் பெயரில் பள்ளிகள் இருக்கின்றன. பாத்தியைத்தான் காணோம்.

ஜூலை 8

இதை எழுதலாமா என்று ஒரு மாதமாக யோசித்தேன். முதல் கேள்விக்கு என்னிடம் இருக்கிற உண்மையான பதில் இதுதான்.

எங்களிடம் ஒரு நான்கு வயதுக்காரன். அதிகம் பேச மாட்டான். வெளியே வந்தவுடன் மரத்தடிக்குப் போவான், அங்கே ஒரு குழி இருக்கிறது, கையளவு. தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவான். மறைந்துவிடும். மறுபடி கொண்டுவருவான். பள்ளி முடியும் வரை அதுவே. நான் என்ன செய்தேன்? மூன்றாம் நாள் "வா, எறும்பு பார்க்கலாம்" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனேன். ஆராய்ந்து கற்றல் நடந்துகொண்டிருந்த இடத்தில் இவன் மட்டும் ஈடுபடாமல் இருக்கிறானே என்ற கவலை! நான்கு நிமிடத்தில் திரும்பிவிட்டான்.

எட்டாம் நாள் என்னோடு வேலை செய்யும் அக்கா சொன்னார்: "பாத்திரத்தைக் கவனித்தாயா?" கவனிக்கவில்லை. முதலில் குவளை. பிறகு வாளி. பிறகு இரண்டு வாளி, ஒன்றன்பின் ஒன்றாக, இடைவெளி விடாமல். ஆறாம் நாள் குழிக்குள் இலை போட்டு அதன்மேல் ஊற்றியிருக்கிறான். ஏழாம் நாள் கூழாங்கல். தினமும் ஒன்றை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தான். ஒரு சொல்கூடப் பேசாமல், "தண்ணீர் எங்கே போகிறது" என்று எட்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தவனைத்தான் நான் கேள்வி கேட்கப் பழக்குவதற்காக எறும்பு பார்க்க இழுத்துப் போயிருக்கிறேன்.

ஆகவே, இந்த வயதில் கேள்வியை வாயில் தேடாதீர்கள். எது திரும்பத் திரும்ப நடக்கிறது என்று பாருங்கள். நேற்றுச் செய்ததையே இன்றும் செய்தால், அதில் என்ன மாறியிருக்கிறது என்று பாருங்கள். மண்ணை அள்ளி வீசுகிறார்கள் என்றீர்களே, யார், எந்த மண்ணை, எதன் மேல்?

ஜூலை 9

கேள்வி கேட்டவர் விடவில்லை. "அவன் அப்படிக் கேட்டான் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்களே ஒரு கேள்வியை அவன் வாயில் வைக்கிறீர்கள். பெரியவர்கள் கட்டிய கதை என்று நான் சொன்னது இதைத்தான்."

இரவெல்லாம் எரிச்சலாக இருந்தது. காலையில் எழுந்தபோது அவர் சொல்வது சரி என்று பட்டது. சோதித்துப் பார்க்கிறேன். குழிக்குப் பக்கத்தில் அதே அளவு பிளாஸ்டிக் கிண்ணம் ஒன்றைப் புதைத்து வைக்கப் போகிறேன். அவன் கேள்வி நான் நினைத்ததுதான் என்றால் இரண்டிலும் ஊற்றி ஒப்பிட்டுப் பார்ப்பான்.

ஜூலை 10

இதுவும் அவனுக்குப் பாடம் வைப்பதுதானே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஆமாம். ஆனால் வாயால் சொல்லவில்லை. வைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன். எடுத்துக்கொள்வதும் விடுவதும் அவன் பாடு.

ஜூலை 16

தோற்றேன்.

கிண்ணத்தில் ஒரு முறை ஊற்றினான். தண்ணீர் நின்றது. பார்த்தான். பிறகு கிண்ணத்தைப் பிடுங்கி எடுத்து, அதில் மண்ணையும் தண்ணீரையும் குழைத்து, அந்தக் குழம்பை எடுத்துப்போய்ப் பழைய குழியின் உட்சுவரில் பூசினான். நான்கு நாளாக அதையே செய்கிறான். கிண்ணம் கலவைச் சட்டியாகிவிட்டது.

தண்ணீர் எங்கே போகிறது என்பதில் அவனுக்கு அக்கறையே இல்லை போலிருக்கிறது. அது போகாமல் நிற்க வேண்டும், அவ்வளவுதான். இலை, கூழாங்கல், இப்போது சேறு எல்லாம் அதற்காகவே. நான் விஞ்ஞானியைத் தேடிக்கொண்டிருந்தேன், அங்கே இருந்தது குளம் வெட்டுகிற ஆள். கேள்வி கேட்டவருக்குப் பாதி வெற்றி. மீதிப் பாதியை விட்டுக்கொடுக்க மாட்டேன், அவன் எதையோ தேடுகிறான் என்பது கதை இல்லை.

ஜூலை 22

இங்கே ஒருவர் எழுதிய குறிப்பு பொன். வெறும் மண்ணைப் பூசினால் நிற்காது, களிமண்ணை ஈரமாக வைத்து நன்றாக மிதித்துக் குழைத்து அழுத்தினால் இடைவெளிகள் அடைபட்டுத் தண்ணீர் நிற்கும், குளத்துக்கும் கால்வாய்க்கும் அப்படித்தான் அடி கட்டுவார்கள் என்கிறார். இதை அவனாகக் கண்டுபிடிக்கட்டும் என்று காத்திருப்பேனா? மாட்டேன். ஜூன் 15 அன்று எழுதியதை நானே படித்துக்கொண்டேன். ஒரு கூடை களிமண்ணை மரத்தடியில் கொட்டிவிட்டு, "இதை மிதித்தால் ஒட்டுமாம்" என்று மட்டும் சொன்னேன்.

பதினெட்டுப் பேரும் காலணியைக் கழற்றினார்கள். அதன் பிறகு நடந்ததை விவரிக்கத் தெம்பில்லை. இரண்டு பேர் கால் கழுவ ஒரு மணி நேரம் ஆனது, மற்றவர்கள் கழுவவே இல்லை. அவன் முதல் முறையாக மற்றவர்களிடம் சத்தமாகப் பேசினான்: "ஓரத்தில் மிதி! ஓரத்தில்!"

ஜூலை 23

தேங்கிய தண்ணீர் பற்றிக் கவலைப்பட்டு எழுதியவர்களுக்கு: ஆழம் என் உள்ளங்கை உயரம்கூட இல்லை, ஆனாலும் அது போதும் ஆபத்துக்கு. சிறு குழந்தைகள் சில சென்டிமீட்டர் தண்ணீரிலும் மூழ்கலாம் என்பதால், தண்ணீர் இருக்கும் வரை பெரியவர் ஒருவர் அங்கேயே நிற்கிறார், எட்டும் தூரத்தில். கொசு முட்டையிலிருந்து பறக்கிற பருவத்துக்கு வர ஒரு வாரம் அளவுக்கு ஆகும், ஆகவே வாரம் இருமுறை இறைத்துவிடுகிறோம். இறைப்பதற்குத்தான் இப்போது போட்டி.

ஜூலை 29

நேற்று மாலை கதவைப் பூட்டும் வரை தண்ணீர் நின்றது. அவன் போகும்போது நான்கு முறை திரும்பிப் பார்த்தான்.

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார்: அவருடைய மண் வீசுகிற கூட்டத்தை ஒரு வாரம் கவனித்தாராம். வீசுவது இரண்டே பேர், அதுவும் காய்ந்த மண்ணை மட்டும், தகரக் கூரையின் மேல். சத்தத்துக்காகத்தான் என்று நினைக்கிறார், உறுதியாகத் தெரியவில்லை, அடுத்த வாரம் கூழாங்கல்லும் மரத்தூளும் வைத்துப் பார்க்கப் போகிறாராம். தலைமை ஆசிரியையிடம் கூரை பற்றி என்ன சொல்வது என்று என்னிடம் கேட்கிறார். என்னிடம் பதில் இல்லை.

எங்கள் குளத்தில் இன்று காலை தண்ணீர் பாதிதான் இருந்தது. அடியில் யாருடைய காலுறையோ ஒன்று கிடக்கிறது, நீல நிறம். பதினெட்டுப் பேரும் தங்களுடையது இல்லை என்கிறார்கள்.